தேயாத சுவரின் வெளிச்சம்

"…அதனால அந்த வெளிச்சம் உங்க செவுத்துல இருந்து வந்ததில்லீங்கய்யா. அது எங்க…" என்றவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

நிறுத்துகிற இடமா அது? எங்கள் பக்கத்து பஸ் டிரைவர் ஒருவர் சொல்வார்: "மேட்டுல நிறுத்துன வண்டியும் பாதியில நிறுத்துன பேச்சும் மறுபடி கெளம்புறது கஷ்டம்." அவள் மேட்டிலேயே நிறுத்தியிருந்தாள். எதிரே, விண்வெளித் துறையிலிருந்து வந்திருந்த பெரியவர் தலையைச் சற்றே சாய்த்துக் காத்திருந்தார். அவரோடு வந்த இரண்டு பேர் எழுதுவதை விட்டு நிமிர்ந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பிளெக்ஸ் பேனர். அதில் ராக்கெட் ஒன்று நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போகிறது. பக்கத்தில் எங்கள் துறைத்தலைவர் கைகட்டி நிற்கிறார். இரண்டுக்கும் நடுவில் பழனி மலை மாதிரி சடாரென்று ஏறும் ஒரு கோட்டுப் படம். அந்தக் கோட்டுக்கு நாங்கள் சொல்லிக்கொண்டிருந்த அர்த்தம் தப்பு என்று சொல்லத்தான் அவள் வாய் திறந்திருந்தாள். சொன்னால் அவளுடைய ஓராண்டு உழைப்பு குப்பைக்குப் போகும். முனைவர் பட்டமும் கூடவே போகலாம். சொல்லாவிட்டால் பட்டம் நிச்சயம்.

துறைத்தலைவர் கையில் பொன்னாடை இருந்தது. அதை அவர் பிழிந்துகொண்டிருந்தார்.

பிளெக்ஸ் பேனர் எங்கள் ஊருக்குப் புதிதாக வந்திருந்த காலம் அது. காதுகுத்துக்கும் கடை திறப்புக்கும் ஆளுயரப் படம் வைத்தார்கள். அறிவியல் மட்டும் என்ன பாவம் செய்தது?

நான் அந்தக் கல்லூரியில் கருவிகள் பழுதுபார்ப்பவன். அதற்கு முன்னால் தொண்ணூறுகளில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தேன். பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. மற்றதெல்லாம் விரலைச் சுட்டுக்கொண்டு கற்றது. பிறகு டி.வி.யின் விலை இறங்கிக்கொண்டே வந்தது. ரிப்பேர் செய்வதைவிட மாற்றுவது கௌரவம் என்று ஜனங்கள் நினைக்க ஆரம்பித்தார்கள். கடையை மூடிவிட்டு, ஊருக்கு வெளியே கருவேலங்காட்டை அழித்துக் கட்டிய அந்தக் கல்லூரியில் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கொடுத்த பதவியின் பெயர் என் சம்பளத்தைவிட நீளம்.

அந்தப் பெண் கீரனூர்க்காரி. வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிற குடும்பம். இயற்பியல் துறையில் ஆராய்ச்சி மாணவியாக வந்தாள். "ஏனுங்கண்ணா, நீங்கதான் சோல்டரிங் நல்லா வைப்பீங்களாமா?" என்று முதல் நாள் கேட்டாள். இப்படிக் கேட்பவர்களுக்கு நான் கிட்னியைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிடுவேன்.

"என்னம்மா செய்யப் போறோம்?" என்று கேட்டேன்.

"ராக்கெட் தூக்கிட்டுப் போயி வுடறதோட சரிங்கண்ணா. அதுக்கப்புறம் செயற்கைக்கோள் தன் எடத்துல நிக்கணும்னா அப்பப்ப ஒரு தள்ளு வேணும். அதுக்கு ஒரு மின்சார எஞ்சின். வாயுவை உள்ள வுட்டு, கரண்டால அதை உடைச்சு, பின்னால வீசிடும். அந்த வேகத்துல முன்னால போகும்."

"எம்புட்டுத் தள்ளும்?"

"உள்ளங்கையில ஒரு வெத்தலைய வச்சா எத்தனை கனம் தெரியும்? அத்தனைதானுங்க."

நான் சிரித்துவிட்டேன். எஞ்சினைச் சோதிக்க என்று வாங்கி வைத்திருந்த இரும்புத் தொட்டி ஒரு மாட்டு வண்டி அளவு இருக்கும். பால் குளிரூட்டும் டேங்க் செய்கிற பட்டறையில் சொல்லிச் செய்தது. உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்க இரண்டு பம்புகள். காலையில் போட்டால் மத்தியானம்தான் உள்ளே வெறுமை வரும். நடுவில் கரண்ட் போனால் வெறுமையும் போய்விடும். "வெத்தலைக் கனத்துக்கா இம்புட்டுப் பெரிய அண்டா?" என்றேன்.

"அங்க தடுக்கறதுக்குக் காத்தே இல்லீங்கண்ணா. தடுக்க ஆளில்லாத எடத்துல வெத்தலைக் கனமும் மாசக்கணக்குல தள்ளுனா எதையும் நகத்திப்போடும்."

இந்த வாக்கியத்தை அதற்குப் பிறகு நான் எத்தனையோ கல்யாண வீடுகளில் என் சொந்த வாக்கியம்போலச் சொல்லியிருக்கிறேன்.

விஷயம் அந்த எஞ்சினின் சுவரில் இருந்தது. சுவர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். சாக்பீஸ் நிறத்தில், வளையல் கடை அட்டைக்குள் அடங்கிவிடும் அளவில் ஒரு வெள்ளை வளையம். போரான் நைட்ரைடு என்ற பொருளால் ஆனது; விண்வெளித் துறை அனுப்பி வைத்தது. உடைந்த வாயு அதற்குள் இருந்துதான் பாய்ந்து வெளியே போகும்; போகிற போக்கில் சுவரை உரசிக்கொண்டே போகும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் அல்லவா? வளையம் தேய்ந்து தீர்ந்தால் அதற்குப் பின்னால் இருக்கும் காந்தம் வெளியே தெரியும். அதோடு எஞ்சினின் கதை முடிந்தது. மேலே போன பிறகு போய் மாற்ற அங்கே பட்டறை கிடையாது. எனவே எவ்வளவு வேகத்தில் தேய்கிறது என்று இங்கேயே தெரிந்தாக வேண்டும்.

தொட்டியைத் திறந்து, வளையத்தைக் கழற்றி அளந்து பார்க்கலாம். ஆனால் அளந்து, மாட்டி, மூடி, மறுபடி காற்றை உறிஞ்சி முடிப்பதற்குள் வேலை செய்கிறவர் தேய்ந்துவிடுவார். அவள் யோசனை வேறு. சுவரிலிருந்து பிய்ந்து வருகிற போரான் அணுக்கள் அந்தத் தகிப்பில் மாட்டிக்கொண்டு தங்களுக்கே உரிய ஒரு நிறத்தில் ஒளி விடும். அந்த ஒளியைத் தனியாகப் பிரித்து அளந்துவிட்டால் போதும். எஞ்சின் ஓட ஓடவே தேய்மானம் தெரிந்துவிடும். சாணை பிடிக்கிறவர் பொறி பறக்கிற விதத்தை வைத்தே கத்தி எவ்வளவு கரைகிறது என்று சொல்வார். அது மாதிரிதான்.

ஒரே சங்கடம், அந்த ஒளி மனிதக் கண்ணுக்குத் தெரியாது. இத்தனை வருடம் விளக்கும் வெளிச்சமுமாகப் பிழைத்த எனக்குத் தெரியாத வெளிச்சம் ஒன்று இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரியும். சாதாரணக் கண்ணாடி வழியாக அது வெளியே வராது. குவார்ட்ஸ் ஜன்னல் வேண்டும் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். "கண்ணாடின்னா கண்ணாடிதானம்மா, போட்டோ பிரேம் கடையில நல்லா வெட்டித் தருவானே" என்றார் துறைத்தலைவர். அவரைச் சம்மதிக்க வைக்க ஒரு பருவமழை போனது. நிர்வாகமோ, சுவர் அரிப்பு பற்றிய ஆய்வு என்று கோப்பில் பார்த்துவிட்டு, கட்டட மேஸ்திரியை ஒரு மூட்டை சிமெண்டோடு அனுப்பி வைத்தது. அவர் வந்து தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "எந்தச் செவுரு ஓதம் காக்குது?" என்று கேட்டார். சிமெண்டை வைத்துக்கொண்டோம். பிறகு உதவியது.

துறைத்தலைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. மேடை கிடைத்தால் மட்டும் ஒரு மாதிரி ஆகிவிடுவார். "சுவர் இருந்தால்தான் சித்திரம்" என்று தொடங்குவார். ரத்ததான முகாமிலும் அப்படித்தான் தொடங்கினார். விண்வெளித் துறையிடமிருந்து இந்த ஆய்வு கிடைத்ததும், அந்தப் பழமொழி தனக்காகவே காத்துக் கிடந்தது என்று நம்பத் தொடங்கிவிட்டார். அவருக்கு இருந்த இரண்டு திறமைகளில் ஒன்று பேச்சு. இன்னொன்று கேரம்.

கேரம் என்றால் சாதாரண ஆட்டம் இல்லை. சிவப்புக் காயை மூலையிலிருந்து வெட்டி எடுத்துத் தன் பக்கத்துக் குழிக்குள் இறக்குவார். அவருக்குச் சமமாக ஆடக்கூடிய ஒரே ஆள் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன்தான். அண்ணன் முன்பு தாடிக்கொம்புப் பக்கம் பஞ்சர் கடை வைத்திருந்தவர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இருவரும் ஆய்வகத்திலேயே ஆடுவார்கள். கல்லூரியிலேயே சத்தமில்லாத மின்விசிறி அங்கேதான் இருந்தது. பம்புக்கு எண்ணெய் வந்த பீப்பாயின் மேல் பலகையை வைப்பார்கள். பலகையில் உட்கார்ந்துவிட்டால் துறைத்தலைவர் என்ன, கடைநிலை என்ன?

"சார், அந்தக் காய விட்டுருங்க, அது என் சம்பந்தி" என்பார் அண்ணன்.

"சம்பந்தியா இருந்தாலும் பந்தியில உக்காந்தா எல வெட்டிருவேன்யா" என்பார் அவர்.

நான் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். அவளும் சில நாள் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பாள். ஆடக் கூப்பிட்டால், "எனக்கு அளக்கத்தான் வருமுங்க, அடிக்க வராது" என்பாள்.

தொட்டிக்குள் எஞ்சின் ஒரு கனமான எஃகுத் தட்டின் மேல் பொருத்தப்பட்டிருக்கும். இழுப்பறை மாதிரி இரண்டு தண்டவாளத்தின் மேல் அந்தத் தட்டை உள்ளே தள்ள வேண்டும். அது லேசில் போகாது. கீச்சென்று கத்திக்கொண்டு பாதியில் நிற்கும். அண்ணன் கிரீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்த அன்று அவள் பதறிப்போனாள். காற்றில்லாத இடத்தில் எண்ணெய் ஆவியாகி எல்லாவற்றிலும் படியும், குவார்ட்ஸ் ஜன்னலைக் குருடாக்கிவிடும் என்று விளக்கினாள். அதோடு விடாமல், "எண்ணெய், கிரீஸ், மெழுகு எதுவும் கூடாது" என்று தமிழில் எழுதித் தொட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். அண்ணன் அதை இரண்டு தடவை வாசித்தார்.

அடுத்த வாரம் தட்டு வெண்ணெய் மாதிரி உள்ளே போனது.

"எப்பிடிண்ணே?" என்று கேட்டேன்.

"கைப்பக்குவம் அப்பு. பஞ்சர் கடைக்காரன் கைய சும்மா நெனச்சியா?"

"எண்ணெய் கிண்ணெய் போடலியே?"

"போட்டா என் கை அழுகிப்போகும். தாயி எழுதி ஒட்டிருக்குல்ல?"

சத்தியம் செய்கிறவரை எப்படிச் சந்தேகப்படுவது?

அதன் பிறகுதான் எங்கள் கருவி பேச ஆரம்பித்தது. ஒளியைப் பிரிக்கிற பெட்டி, அதற்குப் பின்னால் நான் சோல்டரிங் வைத்த மின்கண், அதற்குப் பின்னால் கணினித் திரை. எஞ்சினைப் போட்டதும் தொட்டிக்குள் ஊதா நிறத்தில் ஒரு வளையம் பூத்தது. திரையில் போரான் இருக்க வேண்டிய இடத்தில் கோடு ஒன்று எழுந்து நின்றது. நாங்கள் கை தட்டினோம். துறைத்தலைவர் கேசரி வாங்கி வரச் சொன்னார். கோடு எதிர்பார்த்ததைவிட மிக உயரமாக இருந்தது. சுவர் கரைந்து ஓடுகிறது என்று அர்த்தம்.

"அனுப்பி வச்ச வளையமே மட்டமான சரக்கு போல. நம்ம காலேஜ் கண்டுபுடிச்சிருச்சு" என்றார் துறைத்தலைவர். விண்வெளித் துறையிலேயே யாரும் பார்க்காததைத் திண்டுக்கல் பார்த்துவிட்டது என்ற முடிவுக்கு அவர் கேசரி தீருவதற்குள் வந்துவிட்டார். மறுநாளே பேனருக்குப் போட்டோ எடுத்தார்கள்.

அவளுக்கு மட்டும் சந்தோஷம் ஒட்டவில்லை. வளையத்தைக் கழற்றி நுண்ணோக்கியில் வைத்து அளந்து பார்த்தாள். தேய்ந்திருந்தது, ஆனால் எறும்பு ஊர்ந்த அளவுதான். வெளிச்சமோ யானை நடந்ததாகச் சொன்னது. இன்னொன்றும் இருந்தது. எஞ்சினைப் போட்டதும் கோடு உச்சத்தில் நிற்கும். ஓட ஓடச் சரிந்துகொண்டே வரும். தட்டை வெளியே எடுத்து மறுபடி உள்ளே தள்ளி ஓட்டினால், பழையபடி உச்சம்.

"புதுச்செருப்பு கடிக்கும்மா. நாள்பட நாள்படப் பழகிடும். புதுச்சுவரும் அப்படித்தான்" என்றார் துறைத்தலைவர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. புதுச்சுவர் முதலில் வேகமாகத்தான் தேயுமாம்.

"செரிங்க சார். ஆனா செருப்பக் கழட்டி மறுபடி மாட்டுனா அது புதுச்செருப்பு ஆயிருமுங்களா?"

அவர் பேனர் கடைக்காரருக்குப் போன் போட்டார்.

இப்படியே ஓராண்டு. ஓட்டுவதும், கோடு ஏறுவதும், அவள் அளப்பதும். பட்டத்துக்கான ஆய்வேட்டில் எல்லாக் கோடுகளும் ஏறிவிட்டன. அவள் மட்டும் ஒவ்வொரு கோட்டையும் திருட்டு ஆட்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். விண்வெளித் துறையிலிருந்து பெரியவர் வருகிறார் என்று தகவல் வந்தது. அவர் பார்த்து நன்று என்றால் ஆய்வு தொடரும், பட்டமும் கைக்கு வரும். இல்லையென்றால் ஆய்வக அறை விடுதிக்குப் போய்விடும்; அதைக் கேட்டு விடுதி நிர்வாகம் எப்போதோ மனுப் போட்டிருந்தது. அரிசி மூட்டை அடுக்க வசதியாக இருக்குமாம்.

அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். நானும் அவளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவள் தயிர்ச்சோற்றுக்கு வெஞ்சனமாக என் டப்பாவிலிருந்த வாழைக்காய் வறுவலை எடுத்துக்கொண்டாள். பலகையில் ஆட்டம் சூடாக இருந்தது. துறைத்தலைவர் ஸ்டிரைக்கரைச் சுண்டினார். அது பாதி வழியில் இழுத்துக்கொண்டு நின்றது.

"என்னய்யா, பலகை செம்மண் ரோடு மாதிரி இருக்கு? பொடியப் போடுய்யா."

அண்ணன் கேரம் பொடி டப்பாவைத் தலைகீழாகத் தட்டினார். தும்மல் அளவுக்குத்தான் வந்தது.

"போன வாரந்தானய்யா புது டப்பா வாங்கினேன்? என்ன பண்ணுன, இட்லிக்குத் தொட்டுக்கிட்டியா?"

"ராக்கெட்டுக்குப் போட்டது போக மிச்சம் இம்புட்டுத்தான் சார்" என்றார் அண்ணன், அடுத்த காயைக் குறிவைத்தபடியே.

அவள் கையிலிருந்த வறுவல் வாய்க்குப் போகவில்லை.

"எதுக்குங்கண்ணா போட்டீங்க?" என்று கேட்டாள். குரல் உயரவே இல்லை.

"அந்தத் தட்டுக்குத்தான் தாயி. எண்ணெ ஆகாதுன்னு சொல்லிட்ட. பஞ்சர் கடையில டியூப்பு ஒட்டிக்காம இருக்க மாவு தூவுவோம். எண்ணெ ஆகாத எடத்துக்கு மாவுன்னு எங்க தொழில்ல ஒரு சொல்லு. அந்த மாவுக்குப் பதிலா இந்தப் பொடியக் கொஞ்சம் தடவுனா ஸ்டிரைக்கர் கணக்கா வழுக்கிக்கிட்டுப் போகுதுல்ல? ஒவ்வொரு வாட்டியும் ஒரு கை போட்டுருவேன்." சொல்லிவிட்டுக் காயைச் சுண்டினார். விழுந்தது.

அவள் எழுந்து போய் டப்பாவை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் போரிக் என்று போட்டிருந்தது. என்னிடம் நீட்டினாள். போரிக் அமிலம். போரான் அதிலும் இருக்கிறது. தட்டு சூடானதும் பொடி ஆவியாகி ஊதா வெளிச்சத்துக்குள் போய்ப் பிரகாசித்திருக்கிறது. தீரத் தீரக் கோடு சரிந்திருக்கிறது. அண்ணன் மறுபடி ஒரு கை போட்டதும் மறுபடி உச்சம். ஓராண்டாக நாங்கள் அளந்தது விண்வெளிச் சுவரின் தேய்மானத்தை அல்ல, அண்ணனின் கைப்பக்குவத்தை.

அண்ணன் முகத்திலிருந்து சிரிப்பு கழன்றது. "தாயி, நான் எண்ணெ போடலியே" என்றார்.

"நீங்க நான் எழுதுனபடிதானுங்கண்ணா செஞ்சீங்க" என்றாள். பிறகு மீதித் தயிர்ச்சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். விவசாயக் குடும்பம்.

மறுநாள் தட்டையும் தண்டவாளத்தையும் தொட்டியின் உட்புறத்தையும் மூவரும் கழுவினோம். ஸ்பிரிட்டால் துடைத்தோம், காய வைத்தோம், மறுபடி துடைத்தோம். அண்ணன் தொட்டிக்குள் தலையை விட்டுத் துடைத்துக்கொண்டே, "எங்க வீட்டுப் பொங்கப் பானையக்கூட நான் இப்பிடித் தேச்சதில்ல" என்றார். பொடி இல்லாததால் தட்டு பழையபடி கீச்சென்று கத்தியது. அந்தச் சத்தம் அன்றைக்கு எனக்கு நாதசுரம். ஓட்டினாள். கோடு எழுந்தது. புல் முளைத்த உயரம். ஆனால் சரியவில்லை, நின்ற இடத்தில் நின்றது. வளையத்தை அளந்ததில் கிடைத்த கணக்கோடு ஒத்தும் போனது.

ஒரே ஒரு சுத்தமான ஓட்டம். அதற்கு எதிரே ஓராண்டு அழுக்கான கோடுகள், எல்லாம் ஆய்வேட்டில். மிக உயரமானது பேனரில்.

டப்பாவை அவள் திருப்பியபோது துறைத்தலைவரும் பலகையில் இருந்தவர்தான்; இப்போது இந்தக் கணக்கையும் அவரிடம் போய்ச் சொன்னோம். அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த காலண்டரில் பெரியவர் வரும் தேதியை விரலால் தொட்டார்.

"ஏம்மா, பொடியோ சுவரோ, வெளிச்சம் வந்துச்சுல்ல?"

"வந்துச்சுங்க சார்."

"போரான்தான?"

"போரான்தானுங்க."

"அப்ப பொய் இல்லையே. அவங்க வந்து பாத்துட்டுப் போகட்டும். உனக்குப் பட்டம் வந்துரட்டும். அப்புறம் ஆற அமர ஒரு திருத்தம் அனுப்புவோம். இப்ப போயி கேரம் போர்டுன்னு சொன்னா, இந்த ரூமுல நாளைக்கு அரிசி மூட்டைதான் ஆராய்ச்சி பண்ணும்."

அவருக்குப் பயம். பயந்தவர்கள் பேசுவதில் எப்போதும் ஒரு நியாயம் இருக்கும்; அதுதான் ஆபத்து. அவள் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். காந்திகிராமம் போகும் பஸ்ஸுக்கு என்னோடு நின்றபோது, "அளக்கறதுக்குன்னு வந்துட்டு அளவைப் பொய்யாச் சொன்னா, எங்க சந்தையில தராசைப் புடுங்கிருவாங்கண்ணா" என்றாள்.

பெரியவர் வரும் நாளுக்கு முந்தின சாயங்காலம், துறைத்தலைவர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டாராம். "பழையபடியே இருக்கட்டும்யா. லேசாத் தூவி வையி. பேனர்ல இருக்கறதும் ஓடறதும் ஒண்ணா இருக்கணும்ல?"

"டப்பா காலி சார்" என்றாராம் அண்ணன். அண்ணன் பேன்ட் பையில் அன்று காலையில் வாங்கிய புது டப்பா இருந்தது எனக்குத் தெரியும். ஆட்டத்துக்காக வாங்கியது.

கேரம் பலகையை எங்கே ஒளிப்பது என்பது அடுத்த பிரச்சினை. ஒளிக்க இடமில்லை. பீப்பாயின் மேலேயே விட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் டீக்கோப்பைகளும் மிக்ஸரும் ஜாங்கிரியும் அடுக்கினோம். பீப்பாய் ஆடாமல் இருக்க அடியில் முட்டுக்கொடுத்தது அந்தச் சிமெண்ட் மூட்டை.

பெரியவர் வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் பேனா கசிந்த கறை. துறைத்தலைவர் சுவரில் தொடங்கிச் சித்திரத்துக்குப் போனார். அவரை எப்படியோ உட்கார வைத்துவிட்டுப் பெரியவர் பேனரைச் சுட்டி, "இந்த உயரம் நிஜமாம்மா? நாங்க குடுத்த வளையம் இவ்வளவு வேகமாவா கரையுது?" என்று அவளிடம் கேட்டார். அப்போதுதான் அவள், அந்த வெளிச்சம் உங்கள் சுவரிலிருந்து வந்ததில்லை, அது எங்க… என்று சொல்லிப் பாதியில் நிறுத்தியது.

ஏன் நிறுத்தினாள் என்று எனக்குத் தெரிந்தது. டீத் தட்டோடு அண்ணன் அவளுக்கு எதிரிலேயே நின்றிருந்தார். 'எங்க அண்ணன் போட்ட பொடி' என்று சொன்னால் அறையில் இருக்கிற அத்தனை கண்ணும் அந்த மனிதர் மேல் விழும். அண்ணனும் அதைப் புரிந்துகொண்டார் போல. டீத் தட்டை ஜன்னல் திட்டில் இறக்கி வைத்தார்.

அவள் பீப்பாயின் பக்கம் போனாள். மிக்ஸர் தட்டை எடுத்துத் துறைத்தலைவரின் ஒரு கையில் கொடுத்தாள். பொன்னாடையோடு சேர்த்து வாங்கிக்கொண்டார். ஜாங்கிரித் தட்டை இன்னொரு கையில் கொடுத்தாள். கோப்பைகளை நான் எடுத்தேன். அவள் துணியை உருவினாள். பலகையில் முந்தின நாள் ஆட்டம் பாதியில் நின்றபடி இருந்தது, சிவப்புக் காய் மூலைக்குழியின் விளிம்பில்.

"நாங்க இங்க ஆடுவோமுங்க" என்றாள். "அண்ணா, பொடி இருக்குங்களா?"

அண்ணன் பேன்ட் பையிலிருந்து புது டப்பாவை எடுத்தார். "காலின்னியேய்யா?" என்றார் துறைத்தலைவர், மெதுவாக. இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் அதற்குமேல் அவரால் எதுவும் செய்ய முடியவில்லை.

ஒரு பீங்கான் கிண்ணத்தில் ஒரு சிட்டிகை பொடி. அதில் கொஞ்சம் ஸ்பிரிட். தீக்குச்சியைக் கிழித்து வைத்தாள். சுடர் எழுந்தது, முதலில் சாதாரண நீலம், பிறகு ஓரங்களில் தொடங்கி வாழைக்குருத்துப் பச்சை. தீயில் போட்டால் போரான் கண்ணுக்குத் தெரிகிற இந்த நிறத்தையும் காட்டும். உடன் வந்த இருவரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"போரானுங்கய்யா. தட்டு வழுக்கறதுக்காக நாங்க போட்டது. எண்ணெய் கூடாதுன்னு எழுதுனேன், பொடி கூடாதுன்னு எழுத எனக்குத் தோணல. ஒரு வருசத்துக் கோடும் இதுதான். சுத்தம் பண்ணி ஓட்டுனது ஒண்ணே ஒண்ணுதான் இருக்குங்க." கிண்ணத்தைத் தட்டால் மூடி அணைத்தாள். "பம்பு காலையில இருந்து ஓடுது. பாக்கறீங்களா?"

'நாங்க' என்றாள், கவனித்தீர்களா? நான் கவனித்தேன். அண்ணனும்தான்.

பெரியவர் தலையசைத்தார். அவள் சுவிட்சைப் போட்டாள். ஊதா வளையம் பூத்தது. திரையில் புல் முளைத்தது, நின்றது. பெரியவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் மிக்ஸரைத் தொடவில்லை.

"ஒரு சிட்டிகை கேரம் பொடியையே இந்தக் கண்ணு காட்டிக்குடுத்திருச்சு" என்றார் கடைசியில். "அப்ப சுவரைக் காட்டாதா? மறுபடி முதல்லேர்ந்து ஓட்டும்மா. இன்னொரு வளையம் அனுப்பறேன்."

துறைத்தலைவர் மூச்சு விட்டது அறைக்கே கேட்டது. அவர் உடனே பெரியவருக்குப் பொன்னாடை போர்த்தினார். அதில் மிக்ஸர் ஒட்டியிருந்தது. ஆய்வேட்டை முதல் பக்கத்திலிருந்து திரும்ப எழுத வேண்டும் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அரிசி மூட்டை வராது என்பதும் தெரிந்தது.

எஞ்சின் சாயங்காலம் வரை ஓட வேண்டும். பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குள் உலாவினார். பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். விளிம்பிலிருந்த சிவப்புக் காயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாரு ஆடறது? இதை விட்டுட்டு எப்படி வீட்டுக்குப் போனீங்க?" என்று கேட்டு, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, ஸ்டிரைக்கரை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தார். அது இழுத்தது. "கொஞ்சம் பொடி போடுங்க."

துறைத்தலைவர் கை நீட்டினார். அண்ணன் கை நீட்டினார். என் கையும் பாதி தூரம் போய்விட்டது.

அவள் டப்பாவை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.